ஒரு விமானத்துக்கும் இன்னொரு விமானத்துக்கும் நடுவில்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் 1984ஆம் ஆண்டு பி.எஸ்ஸி. அணியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அறுபதுக்கு மேல் ஓட்டமும் உடல்நலமும்’. சிங்கப்பூரில் நான் காலையில் ஓடுகிறவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓடுகிறவன் என்பது உண்மை. ஆனால் அதற்காக நான் டாக்டர் ஆகிவிட முடியாது. இந்த மண்டபத்திலேயே நம் சங்கத்து டாக்டர்கள் ஐந்தாறு பேர் இருக்கும்போது நான் சர்க்கரையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசினால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். “ஓட்டம்னு ஒரு வார்த்தை வந்தா போதும், சார்” என்று சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். 2022 டிசம்பர் கடைசி வாரத்தில், ஒரு விமானத்தை விட்டு இறங்கி அடுத்த விமானத்தில் ஏறுவதற்கு நடுவில் ஓடிய ஓட்டம். ஓடிய ஊர் நம்ம ஊர்தான்.

விமான நிலையத்தில் பல மணி நேரம் காத்துக்கிடந்த அனுபவம் இங்கே பாதிப் பேருக்கு இருக்கும். பெஞ்சில் குறுக்கே கைப்பிடி வைத்திருப்பான், படுக்க முடியாது. ஒரு காப்பியின் விலையில் லஸ் கார்னரில் ஒரு குடும்பமே டிபன் சாப்பிடலாம். வெளிநாட்டில் சில ஊர்களில் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கடற்கரைப் பூங்காவுக்கு 2020 அக்டோபரில் ஒரு பாதை திறந்தார்கள். சுமார் மூன்றரை கிலோமீட்டர். வழியில் ஒரு பகுதியில் டைனோசர் பொம்மைகள், பல ஆளைவிடப் பெரிசு. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஓடிவிட்டு வந்தால் காசு கொடுத்துக் குளிக்கலாம். அமெரிக்காவில் பால்டிமோர் விமான நிலையத்தைச் சுற்றியே சுமார் 20 கிலோமீட்டருக்கு ஒரு பாதை உண்டு. நம் மீனம்பாக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடினால் அடுத்த விமானத்துக்கு நாம் போய்ச் சேர மாட்டோம்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் திதி. தூத்துக்குடியில் தங்கை வீட்டில்.

அம்மா காலமானது 2020 டிசம்பரில். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்திய வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27ஆம் தேதிதான் மறுபடி ஓட ஆரம்பித்தன. நடுவில் அரசாங்கம் விட்ட சிறப்பு விமானங்கள் இருந்தன. ஆனால் அதில் இடம் பிடித்து, பரிசோதனை முடித்து, வந்து இறங்கித் தனிமையில் இருந்து... அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தங்கையும் மாப்பிள்ளையும் தூத்துக்குடியிலிருந்து காரிலேயே ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தார்கள். நான் சிங்கப்பூரில் சமையலறை மேஜையில் செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயானத்தில் அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் பெஞ்ச் நண்பன். முகக்கவசத்தோடு, புகையில், ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நேற்று ராத்திரி போனில் சத்தியம் வாங்கிக்கொண்டான். நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் அணிக்காரர்களுக்கு யாரென்று தெரியும், மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம். (சிரிப்பு)

கல்லூரியில் படிக்கும்போது நானும் அவனும் தினமும் ஓடுவோம். மந்தைவெளியில் என் வீட்டு வாசலில் ஐந்து மணிக்கு வந்து சைக்கிள் மணி அடிப்பான். அடையாறிலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிளில் வந்து, அதை எங்கள் வேப்பமரத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் ஓட்டம். சாந்தோம், லைட் ஹவுஸ், அங்கிருந்து உழைப்பாளர் சிலை, திரும்பி வருவது. பாட்டா கேன்வாஸ் ஷூ, வெள்ளைப் பவுடர் பூசியது. வந்ததும் அம்மா இரண்டு பேருக்கும் நீராகாரம் கொடுப்பாள். கல்லூரி அணிக்கு எங்களை எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். எடுக்காத பேராசிரியர் இப்போது நம்மிடையே இல்லை, நல்ல மனிதர்.

அந்த நண்பனோடு ஒன்றரை வருஷம் நான் பேசாமல் இருந்தேன். 2021இல் தங்கையும் நானும் மந்தைவெளி வீட்டை விற்க முடிவு செய்தோம். பூட்டியே கிடக்கிறது, கரையான் வருகிறது, பில்டர் நல்ல விலை சொல்கிறார். எல்லாரும் செய்கிறதுதானே. அவனிடம் போனில் சொன்னேன். “ஒரு வருஷம் வைடா. நீ வந்து ஒரு தடவை உள்ள நின்னுட்டு அப்புறம் வித்துக்கோ” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கென்ன, சொல்றது ஈஸி. வீட்டு வரி, கரண்ட் பில்லு, வாட்ச்மேன் சம்பளம் நீயா கட்டப் போறே?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு விநாடி சும்மா இருந்தான். அப்புறம் “சரிடா, வெக்கறேன்” என்றான். அவ்வளவுதான். சண்டைகூட இல்லை. அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மயானத்தில் போனைப் பிடித்த கைக்கு நான் கொடுத்த பதில் அது.

சரி, விமானத்துக்கு வருகிறேன்.

இரவு பதினொன்றரைக்கு வந்து இறங்கினேன். தூத்துக்குடி விமானம் மறுநாள் மதியம் ஒன்று பத்துக்கு. வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, “எங்க சார் போகணும்?” என்று கேட்டார்கள். முப்பது வருஷமாக அந்த இடத்தில் நான் யோசிக்காமல் சொன்ன பதில் ஒன்று உண்டு. அன்றைக்கும் “மந்தைவெ...” என்று வாயில் வந்துவிட்டது. “எங்கேயும் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சென்னையில் இறங்கி, போக வீடு இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. ஓட்டலில் அறை எடுத்திருக்கலாம். சொந்த ஊரில் ஓட்டலில் தங்குவதா என்று ஒரு வீம்பு.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டு நாலரைக்கு எழுந்தேன். பையில் ஓடுகிற ஷூ இருந்தது, எங்கே போனாலும் இருக்கும். முதல் மெட்ரோ ஐந்து மணி வாக்கில். முதலில் தி.நகர் போய் பனகல் பார்க்கை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தி.நகர் நமக்கெல்லாம் புடவைக் கடையும் ரங்கநாதன் தெருவும்தான். ஆனால் 1920களில் அங்கே இருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் அந்த நகரையே போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்னமும் லேக் வியூ ரோடு என்று இருக்கிறதே, அந்த ஏரியின் மிச்சம் அந்தப் பெயர் மட்டும்தான். ரயிலில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். சின்னமலை தாண்டியதும் வண்டி பூமிக்குள் இறங்கியது. நந்தனத்தில் இறங்கினேன். தி.நகர் மேற்கே, மந்தைவெளி கிழக்கே. மாடிப்படி ஏறி மேலே வந்ததும் கால் கிழக்கே திரும்பிவிட்டது.

இங்கே தலைப்புக்காக இரண்டு வார்த்தை. விமானத்தில் இருந்து இறங்கி உடனே ஓடக்கூடாது. உள்ளே இருக்கும் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை, உடம்பு காய்ந்துபோய்த்தான் இறங்குகிறோம். உட்கார்ந்தே வந்ததில் பாதம் வீங்கியிருக்கும், ஷூ நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டும். முதல் அரை மணி நேரம் நடை, பிறகுதான் ஓட்டம். நம் ஊர்க் காற்று அதற்கு நேர் எதிர். மார்கழி விடியலில்கூட ஈரம் ததும்பி நிற்கும், வேர்வை ஆறாது, உடம்புச் சூடு இறங்காது. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேர்வையில் நனைந்து குடியேற்ற அதிகாரியிடம் பாட்டுக் கேட்க நேரிடும். டாக்டர்கள் தலையாட்டுகிறார்கள், சந்தோஷம்.

சேமியர்ஸ் ரோடு வழியாக நடந்து, ராஜா அண்ணாமலைபுரம் எல்லையில் ஓட்டத்தை ஆரம்பித்தேன். முதுகில் பை. ஐம்பத்தெட்டு வயசு ஆள், இருட்டில், முதுகில் பையோடு ஓடினால் என்ன ஆகும்? முதலில் நாய்கள். மூன்று தெரு நாய்கள் என்னை அடுத்த எல்லை வரை கொண்டுபோய் விட்டு, அங்கே இருந்த நாய்களிடம் ஒப்படைத்தன. அப்புறம் ரோந்து போலீஸ்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தி, “என்ன பெரியவரே, பையோட ஓடறீங்க?” என்றார். திருடனைப் ‘பெரியவரே’ என்று கூப்பிட்டது நம்ம ஊர் மரியாதை. பாஸ்போர்ட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். “ஏர்போர்ட்ல உக்கார வேண்டியதுதானே சார்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்வி.

டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரத்தருகே கரை கடந்த மாண்டஸ் புயல் முறித்துப்போட்ட கிளைகள் சில அப்போதும் தெருவோரம் கிடந்தன. மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்புகள். எனக்கு வழி தடுமாறிவிட்டது. பிறந்து வளர்ந்த இடத்தில் ஒரு டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் போனேன். வீடு இருக்காது என்று தெரியும். இடித்தாயிற்று என்று தங்கை சொல்லியிருந்தாள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, பார்ப்பது வேறு. சுற்றிலும் தகரம், நடுவில் பள்ளம், மழைக்காலம் அல்லவா, பள்ளம் நிறையத் தண்ணீர். எங்கள் கிணறு இருந்த இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாமே கிணறாக இருந்தது. வேப்பமரம் இல்லை. உள்ளேயிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “ஃபிளாட் பாக்க வந்தீங்களா சார்? டூ பெட்ரூம் எல்லாம் புக் ஆயிடுச்சு, த்ரீ பெட்ரூம் ஒண்ணு இருக்குது” என்றார். “இல்லப்பா, சும்மா ஓடிட்டிருந்தேன்” என்றேன். பாவம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். அந்த நிலத்துத் தண்ணீர் இல்லை, கேன் தண்ணீர்.

‘நீ வந்து ஒரு தடவை உள்ள நின்னுட்டு’ என்று அவன் சொன்னது அப்போதுதான் புரிந்தது. இரண்டு நிமிஷம் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஓடினேன், நின்றால் தாங்காது போலிருந்தது.

மயிலாப்பூர் மாட வீதியில் ஓட முடியவில்லை. காரணம் நெரிசல் இல்லை, கோலம். மார்கழி என்பதால் வாசலுக்கு வாசல் கோலம், சிலது தெருப் பாதி வரை. மிதிக்க மனசு வரவில்லை. ஷூ காலோடு ஓரமாக, கோலத்துக்குக் கோலம் தாண்டிப் போனேன். எதிரே பஜனை கோஷ்டி வந்தது. பாபநாசம் சிவன் இதே வீதிகளில் மார்கழி பஜனை நடத்தியவர் என்பது நம் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆர்மோனியக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு அம்மாள் தொன்னையில் பொங்கல் கொடுத்தார். ஓடுகிறவன் வழியில் நெய்ப்பொங்கல் சாப்பிடக்கூடாது, எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். சாப்பிட்டேன். கச்சேரி ரோடு முழுக்க அதன் பலனை அனுபவித்தேன்.

சாந்தோம் வந்ததும் கடல் காற்று முகத்தில் அடித்தது. லைட் ஹவுஸ் அதே சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நின்றது. 1977இல் அது வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். கடற்கரையில் நம் வயசுக்காரர்கள் எத்தனை பேர்! எங்கள் காலத்தில் இரண்டு பேர் ஓடினால் மீனவர்கள் வலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது சிரிப்புப் பயிற்சி, யோகா, அருகம்புல் ஜூஸ், காதில் ஒயர் மாட்டிய இளைஞர்கள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு ஷூவும் போட்ட பாட்டிமார்கள். இரவில் 22 டிகிரிக்கு இறங்கினால் நம்ம ஊரில் மப்ளர் வெளியே வந்துவிடும். காந்தி சிலையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். உழைப்பாளர் சிலை வரை போக ஆசை, முழங்கால் வேண்டாம் என்றது.

திரும்பும்போது மணி ஏழேகால். விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருக்கிறது. உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கவுண்டரை மூடிவிடுவார்கள். வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்க்காமல் காவலர் உள்ளே விடமாட்டார். எல்லாம் கணக்குப் போட்டாலும் பதினொன்றரைக்கு அங்கே இருந்தால் போதும். லஸ்ஸில் ஒரு காப்பி குடித்துவிட்டு நந்தனம் போய் மெட்ரோ பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

நான் பட்டினப்பாக்கம் பக்கம் திரும்பினேன். சீனிவாசபுரத்தை ஒட்டி, 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட குப்பம் அது, அங்கிருந்து கிரீன்வேஸ் ரோடு, திரு.வி.க. பாலம். பாலத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். கீழே அடையாறு. வலது பக்கம் நகரம், இடது பக்கம் முகத்துவாரம், தூரத்தில் நாம் எல்லோரும் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த அந்த உடைந்த பாலம். 1977இல் இடிந்தது, நாம் கல்லூரிக்கு வந்தபோது அதற்கு நாலைந்து வயசுதான். அந்தப் பக்கக் கரையில் தியாசபிகல் சொஸைட்டியின் மரங்கள்.

இந்த ஆற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன அல்லவா, அதில் சிறியதை நீட்டியபோது குறுக்கே ஆறு வந்தது. ஆற்றின் மேலேயே பாலம் கட்டி அதன் மேல் ஓடுபாதை போட்டார்கள். அந்த ஆறுதான் இது. 42 கிலோமீட்டர் வருகிற ஆறு, விமானத்துக்கு அடியில் புகுந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வளைந்து வந்து இங்கே கடலில் சேர்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது முதலில் விமான நிலையம் மூழ்கியது, பல நாள் மூடிக் கிடந்தது. அதே தண்ணீர் அன்று ராத்திரியே என் நண்பன் வீட்டுக்குள்ளும் புகுந்தது. இடுப்பளவு. அவனுடைய டிகிரி சர்டிபிகேட், கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. செல்போன் வேலை செய்யவில்லை, நான் சிங்கப்பூரில் துடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், தன் வீட்டுச் சேற்றை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு பாக்கெட் பாலோடு மந்தைவெளிக்கு நடந்தே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அதை அவன் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

இதையெல்லாம் பாலத்தில் நின்று நினைத்தவனுக்கு, விமான நிலையத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீரையே பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. முன்கூட்டியே திட்டம் போட்டு வந்தேன் என்று சொன்னால் பொய். நந்தனத்தில் இறங்கியபோதே கால்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் தெருவுக்குள் எட்டு மணிக்கு நுழைந்தேன். வீட்டைத் தாண்டி ஓடினேன். தெரு முனை வரை போய்த் திரும்பி மறுபடி தாண்டினேன். மணி அடிக்க முடியவில்லை. என்ன சொல்வது? ‘பிளைட்டுக்கு நேரம் இருந்தது, அதான் வந்தேன்’ என்றா? மூன்றாவது தடவை வரும்போது கேட் திறந்தது. கையில் ரப்பர் குழாய், முழங்காலில் பெல்ட். செடிக்குத் தண்ணீர் விட வந்திருக்கிறான். என்னைப் பார்த்தான். ஷூவைப் பார்த்தான். பையைப் பார்த்தான்.

“எங்கேர்ந்து?” என்றான்.

“நந்தனம். அப்புறம் மந்தைவெளி, லைட் ஹவுஸ், காந்தி சிலை, பட்டினப்பாக்கம்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டே கால் மணி.”

“கிழவனாயிட்டே” என்றான். “ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா.”

உள்ளே அவன் மனைவி, “வாங்கண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றார். அந்த ஒரு கேள்விதான். இட்லி வந்தது. நான் வழி நெடுக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “டேய், அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். “மொதல்ல குளி, நாத்தம் தாங்கல” என்றான். அவன் சட்டை ஒன்றைக் கொடுத்தான்.

குளித்துவிட்டு வந்தபோது ஹாலில் ஒரு சாக்குப் பொட்டலம் இருந்தது. பிரித்தான். எங்கள் அம்மாவின் அருவாமனை. மரப்பலகையில் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆன இடம், நுனியில் தேங்காய்த் துருவல் சக்கரம், அதில் ஒரு பல் உடைந்தது, எல்லாம் அதேதான். வீட்டைக் காலி செய்யும்போது பரணில் தங்கை கவனிக்காமல் விட்டிருக்கிறாள். வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவன் போயிருக்கிறான். என்னோடு பேசாமல் இருந்த காலம் அது. இடிக்கிற ஆட்களோடு நாள் முழுக்க நின்றிருக்கிறான். இடித்த மரம், இரும்பு எல்லாம் காண்டிராக்டருக்குச் சேரும் என்று கணக்கு, அதனால் இதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். எவ்வளவு என்று இன்று வரை சொல்லவில்லை.

“உன்கிட்ட குடுக்கலாம்னுதான். நீதான் போனே பண்ணலையே” என்றான்.

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். அவன் மனைவி உள்ளே போய்விட்டார்.

அப்புறம் பெரிய பிரச்சினை. இதை எப்படி விமானத்தில் கொண்டுபோவது? கைப்பையில் கத்திரிக்கோலையே விட மாட்டார்கள், இது முழம் நீளத்துக்கு இரும்பு. பெட்டியோடு சரக்கில்தான் போட வேண்டும். என்னிடம் பெட்டியே கிடையாது. அவன் பழைய அட்டைப்பெட்டி ஒன்று தேடி எடுத்தான். விளிம்புக்குத் துணி சுற்றி, அதன் மேல் ரெண்டு தினசரி, அதன் மேல் சணல். எங்கள் பிராக்டிகல் ரெக்கார்டைக்கூட அவ்வளவு சிரத்தையாக அவன் கட்டியதில்லை. மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் அருவாமனைப் பெட்டியோடு நான். கிண்டி வரை பரவாயில்லை, அங்கே நெரிசல். “ரெண்டே கால் மணி நேரம் ஓடினவன், இறங்கி ஓடேன், நான் பின்னாடியே வரேன்” என்கிறான். பதினொன்று ஐம்பதுக்குப் புறப்பாட்டு வாசல். கவுண்டர் மூட இருபது நிமிஷம். கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் நேரமில்லை. “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்றான். அந்த வாக்கியத்தை நான் ஒன்றரை வருஷம் கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண், “உள்ளே என்ன சார்?” என்றார். ஒளிக்காமல் சொன்னேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி பெட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்லயும் இருந்துது சார், மிக்ஸி வந்தப்புறம் எங்கே போச்சுன்னே தெரியல” என்று சொல்லி, உடையக்கூடியது என்று சிவப்புச் சீட்டு ஒட்டினார். இரும்புக்கு எதற்கு அந்தச் சீட்டு என்று நான் கேட்கவில்லை.

தூத்துக்குடிக்குப் போவது விசிறி வைத்த சின்ன விமானம். எந்த ஓடுபாதையில் ஏறியது என்று எனக்குத் தெரியாது, வண்டி நகரும்போதே தூங்கிவிட்டேன். வாகைக்குளத்தில் தங்கை வந்திருந்தாள். பெட்டியைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பிரி என்றேன். கேட்கிறவளா? கார் டிக்கியைத் திறந்து வைத்து அங்கேயே சணலை அறுத்துப் பிரித்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அலகைக் கட்டைவிரலால் தடவினாள்.

“சாணை பிடிக்கணும்ணா” என்றாள். மறுநாள் திதிக்கு வாழைக்காயை அதில்தான் நறுக்கினாள்.

செயலாளர் அங்கிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தி தயாராம். நாலாவது வரிசைக்காரனுக்கு ஒரு அறிவிப்பு: நான் இன்று போட்டுக்கொண்டு வந்திருப்பது உன் சட்டைதான், திருப்பித் தருவதாக இல்லை. நாளைக் காலை ஐந்தரைக்கு லைட் ஹவுஸ். முழங்கால் பெல்ட்டோடு வந்தால் போதும், நடக்கலாம். வேறு யார் வந்தாலும் வரலாம், வழியில் பொங்கல் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.